தலைப்பிரசவம், 36 வாரம்: இனி வரும் நாட்களுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: முதல் குழந்தை, 36 வாரம் ஆகிறது. சென்னையில் வளைகாப்பு முடிந்து, தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். இரவில் தூக்கமே இல்லை. காலில் வீக்கம், நெஞ்செரிச்சல். வலியை நினைத்தாலே பயமாக இருக்கிறது. புகுந்த வீட்டில் நல்ல நட்சத்திரம் பார்த்து ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். அம்மா சுகப்பிரசவம்தான் வேண்டும் என்கிறார். நான் எப்படித் தயாராவது?

பதில்: அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வலி தொடங்கிய பிறகு எதையும் புதிதாக முடிவு செய்ய வேண்டிய நிலை உங்களுக்கு வரக் கூடாது. எந்த மருத்துவமனை, எந்த வண்டி, கூட யார் வருவார், அவசரமாக ஆபரேஷன் தேவைப்பட்டால் டாக்டரிடம் யார் பேசுவார் என்பதையெல்லாம் இந்த வாரமே பேசி முடித்துவிடுங்கள். வார்டில் நான் பார்த்தவர்களில் மிகவும் தவித்துப்போனவர்கள், தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று ஒருவரும் எடுத்துச் சொல்லாமல் விடப்பட்ட பெண்கள்தான். வலியின் அளவு அதற்குப் பிறகுதான் வரும்.

தாய்வீட்டுக்கு வந்தது நல்லது. அம்மா கைச்சோறும் பழகிய வீடும் இந்த நேரத்தில் பெரிய பலம். ஆனால் எட்டு மாதம் உங்களைப் பார்த்த டாக்டர் சென்னையில் இருக்கிறார்; பிரசவம் பார்க்கப்போகிறவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. விவரங்கள் தொலைந்துபோவது இந்த இடமாற்றத்தில்தான். தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன் அறிக்கைகள், ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் மிக முக்கியம். பிரசவத் தேதியை நம்பகமாகக் கணக்கிட உதவுவது அதுதான். கடைசி மாத ஸ்கேன் காட்டும் தேதி முன்பின் ஆகும். வலி வரும்வரை காத்திருக்காமல் இப்போதே ஒருமுறை அந்த மருத்துவமனைக்குப் போய், டாக்டரிடம் காட்டி, பிரசவ அறை எங்கே இருக்கிறது, இரவில் எந்த வாசல் திறந்திருக்கும் என்பது வரை பார்த்துவிட்டு வாருங்கள்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் கிடைப்பார்களா, ரத்தம் இருக்கிறதா, பச்சிளங்குழந்தைக்குத் தனிப் பிரிவு உண்டா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் ‘சீமாங்’ மையம் என்று இருக்கும் இடங்கள் இதற்காகவே அமைக்கப்பட்டவை. உங்கள் பகுதியிலிருந்து சிக்கலான பிரசவங்களைத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம். ரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழே இறங்கியிருப்பது போன்ற சிக்கல் ஏதாவது இருந்தால், எங்கே சேர்வது என்பதை டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே தீர்மானியுங்கள்.

ஊரில் உள்ள கிராம சுகாதாரச் செவிலியரிடம், அதாவது நர்ஸம்மாவிடம், உங்கள் பிக்மி எண்ணை (கர்ப்பத்தைப் பதிந்தபோது அரசு தந்த எண்) காட்டிப் பெயரைப் பதிந்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அந்த எண் தேவை. உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். குழந்தை பாசிட்டிவ் ஆக இருந்தால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் இப்போதே சொல்லுங்கள். பிரசவத்தில் கொஞ்சம் அதிகமாக ரத்தம் போனாலும் தாங்கும் சக்தி அந்த எண்ணில்தான் இருக்கிறது. மாத்திரைக்கு நேரம் போதாது என்றால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டீ, காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக் கூடாது, உடம்பில் ஒட்டாது.

இனி உடல் உபாதைகள். தூக்கமின்மைக்கு முழுத் தீர்வு பிரசவம்தான் என்றாலும் கொஞ்சம் இதமாக்கிக்கொள்ளலாம். பக்கவாட்டில், முடிந்தால் இடப்பக்கமாகப் படுங்கள். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த போர்வை. மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். தூக்கத்தில் மல்லாந்துவிட்டதை நினைத்து அஞ்ச வேண்டாம், விழித்ததும் திரும்பிப் படுத்தால் போதும். பகலில் ஒரு மணி நேரம் தூங்குவதை யாரும் சோம்பல் என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

நெஞ்செரிச்சலுக்கு இரவுச் சாப்பாட்டை ஏழரை மணிக்குள் முடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட்டு, தலைப்பக்கத்தை உயர்த்திப் படுங்கள். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் காலை நீட்டி, விரல்களை முகத்தை நோக்கி மடக்கினால் விடும். இடுப்புக்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் குளிக்கும் நம் வழக்கம் நல்லது. கொதிக்கக் கொதிக்க வேண்டாம். தினமும் அரை மணி நேர நடை போதும். மாடிப்படி நூறு தடவை ஏறினால் குழந்தை இறங்கிவிடும் என்று சொல்கிறவர்களை நம்பி உடம்பை அலுக்கவிடாதீர்கள். சாப்பாட்டைக் குறைத்தால் குழந்தை சிறியதாக இருக்கும், சுலபமாகப் பிறக்கும் என்று சில வீடுகளில் பாதி வயிற்றுக்குப் போடுகிறார்கள். இது கேட்கும்போதே எனக்கு வேதனையாக இருக்கும். எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்குத்தான் தொல்லை அதிகம். வலி தாங்கச் சக்தியில்லாத தாய்க்கும் அப்படியே. விளக்கெண்ணெய் குடித்து வலியை வரவழைப்பதும் வேண்டவே வேண்டாம். வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து வற்றி, களைத்துப்போய் வந்து சேரும் பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாயங்காலம் வீங்கி, காலையில் வடிந்துவிடும் பாத வீக்கம் பெரும்பாலும் சாதாரணமானது. காலைத் தொங்கவிடாமல் உயர்த்தி வைத்தால் குறையும். பார்லி கஞ்சி குடிக்கலாம், தவறில்லை. ஆனால் முகமும் கைவிரல்களும் திடீரென்று வீங்கினால், மோதிரம் கழற்ற வரவில்லை என்றால், பார்லியை நம்பி இருக்காதீர்கள். விடாத தலைவலி, கண் மங்குதல், கண் முன் பூச்சி பறப்பது, மேல் வயிற்றில் வலி ஆகியவை ரத்த அழுத்தம் ஏறுவதன் அடையாளங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் கூடியிருக்கும்போது எந்தத் தொல்லையும் தெரியாமலும் இருக்கலாம். அதனால்தான் கடைசி மாதத்தில் வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்கிறோம். அழுத்தம் முற்றி வலிப்பு வந்த பிறகு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது அசைவு. இதை அம்மாவிடமும் படித்துக் காட்டுங்கள். ‘மாதம் நெருங்க நெருங்கக் குழந்தைக்கு இடம் இல்லை, அசைவு குறையத்தான் செய்யும்’ என்று பெரியவர்கள் ஆறுதலாகச் சொல்வார்கள். அது உண்மையல்ல. உதைப்பது மாறி நெளிவது, உருள்வது போல ஆகலாம். ஆனால் அசைவு குறையக் கூடாது. உங்கள் குழந்தை எந்த நேரத்தில் எப்படி அசையும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். குறைந்ததுபோல் தோன்றினால் சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றால், காலையில் போகலாம் என்று இருக்காமல் அப்போதே கிளம்புங்கள். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் அது வீண் அலைச்சல் ஆகாது. நல்ல மருத்துவமனையில் யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். கடிந்துகொண்டாலும் பொறுத்துக்கொண்டு அடுத்த முறையும் போங்கள்.

உள்ளங்கை, உள்ளங்காலில் இரவில் தாங்க முடியாத அரிப்பு இருந்தாலும் சொல்லுங்கள். கல்லீரல் தொடர்பான ஒரு கோளாறாக இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ரத்தப்போக்கு, காய்ச்சல், நீர் கசிவு இவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம், உடனே போக வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டில் நடக்கும் வாதத்துக்கு வருகிறேன். நட்சத்திரம் பார்த்துக் குழந்தையை வெளியே எடுப்பதற்கு நான் உடன்படமாட்டேன். 39 வாரம் நிரம்புவதற்கு முன்னால், மருத்துவக் காரணம் இல்லாமல், வலியும் வராமல் ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். வயிற்றில் கடைசி இரண்டு வாரம் நுரையீரலும் மூளையும் பக்குவப்படும் காலம். நல்ல நேரத்தில் பிறந்த குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க, அம்மா வேறு வார்டில் அழுதுகொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவை. அடுத்த குழந்தைக்கும் அதன் விளைவுகள் தொடரும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 100-க்கு ஏறக்குறைய 45 ஆபரேஷன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 64, அரசு மருத்துவமனைகளில் 36. இத்தனை பேருக்கும் அது தேவைப்பட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை.

அதே சமயம், உங்கள் அம்மாவிடமும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினாலோ, நஞ்சு கர்ப்பவாயை அடைத்திருந்தாலோ, குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ, எவ்வளவு வலி வந்தும் பிரசவம் முன்னேறாமல் நின்றுபோனாலோ ஆபரேஷன்தான் உயிர் காக்கும். அப்போது ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்று வாசலில் நின்று வாதாடக் கூடாது. ஆபரேஷன் ஆன பெண் எதிலும் தோற்றவள் இல்லை. டாக்டர் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: காரணம் என்ன, காத்திருந்தால் என்ன ஆகும், வேறு வழி உண்டா? நல்ல டாக்டர் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடுவார். சம்மதிக்கும் உரிமை முதலில் உங்களுடையது. நடைமுறையில் உறவினர் கையெழுத்தையும் கேட்பார்கள். ஆகவே சென்னையில் இருக்கும் கணவரிடம் இதையெல்லாம் இப்போதே பேசி, மாமியார் வீட்டுக்குப் பதில் சொல்லும் பொறுப்பையும் அவரிடமே விடுங்கள். அந்தப் பாரம் உங்கள் தலையில் இருக்க வேண்டியதில்லை.

குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருக்கிறது என்று ஸ்கேனில் எழுதியிருந்தால் பதற வேண்டாம். மூன்று, நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு அப்படி இருக்கும். பெரும்பாலும் பிறக்கும்போது கையால் விலக்கி எடுத்துவிடுவோம். அது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணமாகாது. மாலை சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்ற பேச்சை உங்கள் தம்பியோ அண்ணனோ கேட்டுச் சிரித்துவிடட்டும்.

குறித்த தேதியிலும் கட்டுண்டு கிடக்காதீர்கள். நூறு குழந்தைகளில் ஐந்து அளவுக்குத்தான் அந்தத் தேதியில் பிறக்கின்றன. 37 வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வரலாம். தேதி தாண்டினால் அசைவையும் பனிக்குட நீரின் அளவையும் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். 41 வாரம் ஆனால் பொதுவாக மருந்து கொடுத்து வலி வரவழைப்பார்கள்.

வலி எப்படி இருக்கும்? சூட்டு வலி முன்பே வந்து வந்து போகும். வயிறு கல்போல் இறுகும், பிறகு தளரும். நடந்தாலோ படுத்தாலோ தண்ணீர் குடித்தாலோ அடங்கிவிடும். வீட்டில் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பார்கள், குடிக்கலாம். பிரசவ வலி எதற்கும் அடங்காது. இடுப்பின் பின்புறம் தொடங்கி அடிவயிற்றுக்கு வரும், வர வர நெருங்கும், நீளும், கூடும். ரத்தம் கலந்த சளிபோல் சிறிது வெளிப்படலாம். அதன் பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் ஆகலாம். தலைப்பிரசவத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, இப்படியே ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்புங்கள். வீடு தூரமென்றால் இன்னும் முன்னதாக. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போய்விட வேண்டும். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், நீர் பச்சையாகவோ ரத்தமாகவோ இருந்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்காதீர்கள். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரின் எண்ணும், அவர் இல்லாவிட்டால் இலவசமாக வரும் 108-உம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

முதல் பிரசவம் மெதுவாகத்தான் நடக்கும். கர்ப்பவாய் 5 செ.மீ. திறக்கும்வரை பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதன் பிறகு வேகம் எடுக்கும், பெரும்பாலும் 12 மணி நேரத்தைத் தாண்டாது. இந்தக் கணக்குத் தெரியாததால், ‘காலையிலிருந்து வலிக்கிறது, இன்னும் பிறக்கவில்லையே’ என்று குடும்பமே கலங்கி, ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று டாக்டரை நெருக்கும் காட்சி வார்டில் அன்றாடம் நடப்பது. வலி தொடர்ந்து இருப்பதில்லை, இடைவெளி விட்டுத்தான் வரும். அந்த இடைவெளியில் கண்ணை மூடி உடம்பைத் தளர்த்துவதுதான் நீங்கள் இப்போதிருந்தே பழக வேண்டிய ஒரே வித்தை. தினமும் பத்து நிமிடம் மூக்கால் இழுத்து, வாயால் நீளமாக மூச்சை விட்டுப் பழகுங்கள். வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். தாடையும் தோளும் இறுகினால் உடம்பு முழுவதும் இறுகும்.

வார்டில் படுத்தே கிடக்காதீர்கள். டாக்டர் தடுக்காவிட்டால் நடங்கள், சுவரைப் பிடித்துக் குனிந்து நில்லுங்கள், பக்கவாட்டில் படுங்கள். கஞ்சித் தண்ணீர், இளநீர், மோர் குடிக்கலாமா என்று கேட்டுக் குடியுங்கள். கூட வருபவர் இடுப்பின் பின்புறத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் பெரிய நிம்மதி. துணைக்கு ஒருவர் உடனிருப்பதை உலக சுகாதார நிறுவனமே வலியுறுத்துகிறது. அரசு மருத்துவமனைகளிலும் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை அனுமதிப்பது உண்டு. அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்களைவிட அதிகமாகப் பதறுகிற அம்மாவைவிட, நிதானமான அத்தையோ அண்ணியோ மேல். வலி குறைக்கும் எபிடூரல் ஊசி எல்லா இடத்திலும் கிடைக்காது. வேண்டுமென்றால் முன்பே விசாரியுங்கள்.

சத்தம் போட்டால் திட்டுவார்கள் என்று பல பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். முனகுவதும் கத்துவதும் குற்றமில்லை. முக்கத் தோன்றும்போது சொல்லுங்கள். கர்ப்பவாய் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லும்வரை பொறுத்தால் வீணாகக் களைக்க மாட்டீர்கள். முதல் பிரசவத்தில் முக்கும் நேரம் மூன்று மணி வரைகூட ஆகலாம். தையல் எல்லோருக்கும் போட வேண்டியதில்லை. அதையும் முன்பே டாக்டரிடம் பேசலாம்.

பையில் அதிகம் வேண்டாம்: கோப்பு, ஆதார், முன்பக்கம் திறக்கும் நைட்டி, நாப்கின், துவைத்துக் காயவைத்த பழைய மெல்லிய வேட்டித் துணிகள், பிளாஸ்க், கைபேசி சார்ஜர். நகைகளை வீட்டில் விட்டுவிடுங்கள்.

பிறந்த பிறகு நடக்க வேண்டிய சிலவற்றையும் இப்போதே சொல்லி வையுங்கள். குழந்தையைத் துடைத்து உங்கள் மார்மேல் போடச் சொல்லுங்கள். கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டுவது குழந்தைக்கு ரத்தச்சோகை வராமல் தடுக்கும். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். சேனை வைக்கத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ எடுத்துக்கொண்டு வரும் பெரியவர்களை மனம் நோகாமல் தடுக்கும் வேலையை உங்கள் அம்மாவிடம் ஒப்படையுங்கள். கருத்தடைக்கான காப்பர்-டி இப்போதே போட்டுக்கொள்கிறீர்களா என்று பிரசவ அறையில் கேட்கலாம். வலியில் தலையாட்டிவிடாமல், வேண்டுமா வேண்டாமா என்று கணவரோடு பேசி வைத்திருங்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்க விடாதீர்கள், பால் சுரக்க அது வேண்டும். வீட்டுக்கு வந்த பின் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், காய்ச்சல் வந்தால், தலைவலியோடு கண் மங்கினால் மீண்டும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு வாரம் தாண்டியும் காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டிருந்தால், குழந்தையைத் தூக்கவே மனம் வராவிட்டால் அதையும் நர்ஸம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவும் சிகிச்சைக்குக் கேட்கும் நோய்தான்.

37 வாரப் பரிசோதனைக்குப் போகும்போது தலை திரும்பியிருக்கிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு, ஆபரேஷனுக்கு ஏதாவது காரணம் தெரிகிறதா, துணைக்கு யாரை அனுமதிப்பீர்கள் என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதிலை அங்கேயே குறித்து, அந்தத் தாளையும் கோப்பில் வைத்துவிடுங்கள்.